பத்தாயிரம் காலடியும் ஒன்றரைக் கரடியும்

ஒரு காட்டில் ஒன்றரைக் கரடி இருந்தது. ஆளைக் கேட்டால் ஒன்றுதான், பேர் சடையாண்டி. எடை மெஷின்தான் ஒன்றரை என்று சொன்னது. மற்ற ஆண் கரடிகளெல்லாம் நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து கிலோவில் நின்றுகொண்டிருக்க, சடையாண்டி நூற்றுத் தொண்ணூறைத் தொட்டுவிட்டு, இனிமேல் மெஷின் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்தான். நல்ல முடிவுதான். போகாத வரைக்கும் எடை ஏறவே இல்லை.

இந்தச் சடையாண்டிக்கு உலகத்தில் பெரிசு என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஓடைக்கரையில் நிற்கிற தான்றி மரம். உச்சியில் வருஷா வருஷம் முப்பது தேனடைக்குக் குறையாமல் தொங்கும். அதில் ஏறுகிற உரிமை அவன் தகப்பன் வழியில் வந்தது. ஆவணி பிறந்த அன்றைக்கு உரிமைக்காரன் ஏறி முதல் அடையை எடுக்க வேண்டும். எடுத்தால் மரம் அந்த வருஷத்துக்கு அவனுடையது. எடுக்காவிட்டால் உரிமை அடுத்த உறவுக்குப் போய்விடும். அடுத்த உறவு யார் என்று கேளுங்கள். பெண்டாட்டி பேச்சியம்மாவின் தம்பி வீரணன். புலிக்குப் போனால்கூடச் சடையாண்டி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பான். மச்சினனுக்குப் போவதை எந்தக் கரடி பொறுக்கும்?

போன வருஷமே கொஞ்சம் தகராறுதான். பாதி மரத்தில் நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்தது போலிருக்க, சடையாண்டி கிளையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அப்படியே இருந்தான். காட்சியை ரசிக்கிறேன் என்று கீழே நின்றவர்களுக்குச் சொன்னான். யாரும் நம்பவில்லை. அன்றைக்கு எப்படியோ முதல் அடையை எடுத்துவிட்டான். ஆனால் காட்டுப் பஞ்சாயத்து சும்மா இருக்குமா? நூற்று நாற்பது கிலோவுக்கு மேற்பட்டவர்கள் மரம் ஏற வேண்டுமானால் இனிமேல் இதயத் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதற்கு ஒரு படிவமும் அடித்து, படிவத்துக்கு ஓர் எழுத்தரையும் போட்டுவிட்டது.

எழுத்தர் பெயர் பரஞ்சோதி. சாதியில் உடும்பு. ஒரு காகிதத்தைப் பிடித்தால் விடமாட்டார். படிவத்தில் நாலு கட்டம் இருந்தது: பெயர், தகப்பன் பெயர், எடை, காலடி. இதயத்துக்குக் கட்டம் எங்கே என்று சடையாண்டி கேட்டான். இது இதயத் தகுதிப் படிவம் என்று மேலேயே அச்சடித்திருக்கும்போது உள்ளே வேறு தனியாக எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். எடை குறைய வேண்டும். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தினம் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும். எண்ணுவதற்குக் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். தினமும் சாயங்காலம் அலுவலகம் அடைப்பதற்குள் பட்டை கட்டிய கையோடு நேரில் வந்து முத்திரை வாங்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். அலுவலகம் ஐந்து மணிக்கு அடைக்கும் என்று பலகையில் எழுதியிருந்தது. பரஞ்சோதி நாலரைக்கே அடைத்துவிடுவார்.

பட்டை கொடுக்கும் முன்னால் டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். டாக்டர் செங்கமலம் மரங்கொத்தி. அவருக்குக் குழாய், மெஷின் எதுவும் வேண்டாம், அலகால் தட்டிப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும். சடையாண்டியின் நெஞ்சில் நாலு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்குத் தொண்ணூற்றாறு துடிப்பு.

“உங்க நெஞ்சு உங்களுக்கும் உழைக்கணும், மேலே ஏத்தி வச்சிருக்கிற அந்த அரைக் கரடிக்கும் உழைக்கணும். ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆள் பாக்குது. அதுக்குப் பழக்கம் கொடுக்காம மரத்துல ஏறினா அது எப்படிங்க தாங்கும்?” என்றார்.

இளைத்தால் சரியாகிவிடுமா என்று சடையாண்டி மெதுவாகக் கேட்டான். இளைத்தால் நல்லதுதான், இளைக்காவிட்டாலும் பரவாயில்லை, நெஞ்சுக்கு வேலை கொடுப்பதுதான் முக்கியம் என்றார் டாக்டரம்மா. தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். எவ்வளவு வேகம் என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

சடையாண்டி இதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டான். வாங்கியதில் பாதிதான் வீடு வந்து சேர்ந்தது. ஒரு வாரம் முழுக்கக் குகை வாசலில் சாய்ந்துகொண்டு பேச்சியம்மாவிடம் வாய் ஓயாமல் பேசினான், ஒரு வரிகூடப் பாடவில்லை. எட்டாம் நாள் அவள் என்ன சங்கதி என்று கேட்க, டாக்டர் சொன்ன பயிற்சி என்றான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நடந்துகொண்டே செய்ய வேண்டியதை இந்த மனுஷன் படுத்துக்கொண்டே செய்தால் மரம் தன் தம்பிக்குத்தான் என்று சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு வருத்தம் தெரியவில்லை என்பதைச் சடையாண்டி கவனித்தான்.

அதற்குள் ஆனி பாதி ஓடிவிட்டது. ஆவணிக்கு இன்னும் சரியாக நாற்பத்தெட்டு நாள். சடையாண்டி பட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மெய்யாகவே நடந்தான், அதில் பொய் சொல்லக் கூடாது. இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. அதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து மீதி ஒன்பதாயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டை நினைத்துப் பார்த்தபோது கண்ணைக் கட்டியது.

அந்த மேட்டுப் பாறைதான் குரங்கு துரைக்கண்ணுவின் இருப்பிடம். துரைக்கண்ணு ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் இருக்கமாட்டான். பேசும்போதே நாலு கிளை மாறிவிடுவான். அவனைப் பார்த்ததும் சடையாண்டிக்குப் புத்தி வேலை செய்தது. தினம் ஒரு பலாப்பழம், பதிலுக்குப் பகல் முழுக்க இந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும், மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று பேரம் பேசினான். அங்கேயே ஒன்றைப் பறித்துக் கொடுக்க, துரைக்கண்ணு பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, சரி அண்ணே என்றான்.

இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே என்று சடையாண்டி சந்தோஷமாகத் தூங்கிவிட்டு, மூன்று மணிக்குப் பாறைக்கு வந்தான். குரங்கைக் காணோம். நாவல் மரத்தில் இருக்கிறான் என்றது ஓர் அணில். நாவல் மரத்துக்குப் போனால், அத்திக்குப் போய்விட்டான் என்றார்கள். அத்திக்குப் போனால் அவன் அப்போதுதான் பழையபடி பாறைக்குக் கிளம்பியிருந்தான். பிடித்துப் பட்டையைப் பிடுங்கும்போது மணி நாலு. அலுவலகமோ ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு மைல் இறக்கம். சடையாண்டி பதினோரு இடத்தில் நின்றான், மூன்று இடத்தில் உட்கார்ந்தான், ஓரிடத்தில் தன் தகப்பனைக் கூப்பிட்டு அழுதான். உடும்பு கதவை இழுக்கும்போது கையை நீட்டி உள்ளே விழுந்தான். பட்டையில் பதினோராயிரம். முத்திரை குத்தியாயிற்று.

மறுநாளும் இதே கூத்து. அதற்கு மறுநாளும் இதேதான். பலாவைச் சுமந்துகொண்டு காலையில் மேட்டுக்கு ஏறுவது, மத்தியானம் குரங்கைத் தேடிக் காட்டையே சுற்றுவது, சாயங்காலம் குதிகால் பிடரியில் பட அலுவலகத்துக்கு ஓடுவது. நடக்கச் சோம்பல்பட்ட கரடிக்கு இப்போது உட்கார நேரமில்லை. போகிற வழியெல்லாம் துரைக்கண்ணுவை வைதுகொண்டே போனான். முதல் வாரம் ஒரு வசவுக்கே மூச்சு போதவில்லை. இரண்டாம் வாரம் அவன் தாய்மாமன் வரைக்கும் வைய முடிந்தது.

பத்தாம் நாளுக்குமேல் துரைக்கண்ணு ஒரு காரியம் செய்தான். தினம் ஒரு பலாவைத் தின்கிறவனுக்குக் கிளை தாவ மனசு வருமா? மலையின் கணவாயில் ஒரு மூங்கில் தூறு உண்டு. அந்த மூங்கிலில் ஒன்றின் நுனியில் பட்டையைக் கட்டிவிட்டு அவன் நிழலில் படுத்துக்கொண்டான். ஆடி நெருங்கிவிட்டது, கணவாய்க் காற்றைக் கேட்கவா வேண்டும்? மூங்கில் இந்தப் பக்கம் ஒரு சாய், அந்தப் பக்கம் ஒரு சாய். ஒவ்வொரு சாய்வையும் பட்டை ஒரு காலடி என்று எழுதிக்கொண்டது. சடையாண்டி வருவது தெரிந்ததும் அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டு மூச்சிரைப்பது போல் நடிப்பான். கரடிக்கு இது எதுவும் தெரியாது. இந்தப் பயல் எதற்குக் கணவாய்க்குக் குடி மாறினான், இன்னும் ஒன்றரை மைல் கூடுதலாகப் போச்சே என்றுதான் எரிச்சல்.

எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியதே, உடும்பு கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். பத்தாயிரத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பரஞ்சோதியின் வேலை. எவ்வளவு மேலே என்பது அவர் வேலை இல்லை.

வீட்டில் பேச்சியம்மாதான் முதலில் வித்தியாசம் கண்டாள். குகைக்கு ஏறுகிற பாதையில் அவள் புருஷன் வழக்கமாக நிற்கிற மூன்று இடத்திலும் இப்போது நிற்பதில்லை. ராத்திரி குறட்டை கேட்டுப் பக்கத்துக் குகைக்காரர்கள் சண்டைக்கு வருவதில்லை. உடம்பு அப்படியேதான் இருக்கிறது, ஆள் மட்டும் லேசாகிவிட்டது போலிருக்கிறதே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். சடையாண்டிக்கு அழாத குறை.

“ஏன் கேக்குற? காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஓட்டம். இந்த ஓட்டத்துல உடற்பயிற்சி செய்யக்கூட நேரமில்ல புள்ள” என்றான்.

உள்ளுக்குள் அவனுக்கு உண்மையாகவே பயம். சான்று கையில் வந்துவிடும், சரி. அதை வைத்துக்கொண்டு மரத்தில் ஏறும்போது நெஞ்சு பிடித்துக்கொண்டால்? ஒரு நாளாவது நடந்திருக்கலாமே என்று படுக்கையில் புரண்டு புரண்டு வருத்தப்பட்டான். விடிந்ததும் பலாவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினான்.

நாற்பத்தெட்டு முத்திரையும் விழுந்து ஆவணியும் பிறந்தது. தான்றி மரத்தடியில் பரஞ்சோதி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எடை மெஷின். ஒரு கிளையில் டாக்டரம்மா. காடே கூடியிருந்தது. வீரணனும் வந்து ஒரு வேரில் சாய்ந்து கிடந்தான். இவன் தொண்ணூற்றெட்டுக் கிலோ, பார்க்க ஒல்லி. உழைத்து இளைத்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்ததிலிருந்து உட்கார்ந்தே காலம் தள்ளியவன், தின்பது உடம்பில் ஒட்டாத வாகு, அவ்வளவுதான். நூற்று நாற்பதுக்குக் கீழே என்பதால் அவனுக்குச் சான்றே தேவையில்லை. பேச்சியம்மா ஒரு பெரிய பானையோடு நின்றாள். பானை யாருக்கு என்று சடையாண்டியும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மெஷினில் ஏறினான். நூற்று எண்பத்தாறு. நாலு கிலோதான் குறைந்திருந்தது. நாலும் குறைவுதான் என்று பரஞ்சோதி பெரிய மனசு பண்ணிக் கட்டத்தை நிரப்பினார். அடுத்து காலடிக் கட்டம். மொத்தத்தை எழுத வேண்டியிருந்ததால் அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பட்டையை நிமிர்த்தி முழுசாகப் படித்தார். தொண்ணூற்று மூன்று லட்சம்.

“இந்தக் கணக்குக்கு நீங்க காசிக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் கிளம்பியிருக்கணும். ஆனா தினம் நாலரைக்கு என் வாசல்ல வந்து விழுந்தீங்க. இது எப்படி?” என்று கேட்டார்.

கூட்டம் முழுக்கச் சடையாண்டியையே பார்த்தது. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான், வந்தது உண்மை. மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஒரு நாள்கூட நடக்கவில்லை, குரங்கின் கையில் கட்டினேன், பலாப்பழம் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். டாக்டரம்மா கிளையிலிருந்து இறங்கி வந்து அவன் நெஞ்சில் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். துடிப்பு எழுபத்திரண்டு.

“ஓடாத நெஞ்சு இப்படிச் சத்தம் கொடுக்காது. இது ஓடின நெஞ்சு. யாருய்யா ஓடினது?” என்றார்.

“நான் ஓடலைங்க டாக்டரம்மா. பட்டையை வாங்குறதுக்குத்தான் ஓடினேன்.”

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கொண்டை குலுங்கியது. எடையை விடுங்கள், இந்த நெஞ்சை நம்பி எந்த மரத்திலும் ஏற்றலாம் என்று அவர் பரஞ்சோதியிடம் சொன்னார். பரஞ்சோதி படிவத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். நெஞ்சுக்குக் கட்டம் இல்லை, பட்டை கட்டாமல் ஓடியது ஓட்டத்தில் சேராது, பட்டை யார் கையில் இருந்ததோ அவருக்குத்தான் சான்று என்று சொல்லித் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டார். துரைக்கண்ணு தொப்பையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் இரைத்தான். தானும் நடக்கவில்லை, கணவாய் மூங்கில்தான் எல்லாம் என்று அசடு வழிந்தான்.

உடும்பு அசரவில்லை. பேனாவை எடுத்து எழுதினார். பெயர், மூங்கில். தகப்பன் பெயர், மூங்கில். எடை, ஏழு கிலோ உத்தேசமாக. காலடி, தொண்ணூற்று மூன்று லட்சம். நாலு கட்டமும் சரி. இதயத் தகுதிச் சான்று மூங்கிலுக்கு வழங்கப்பட்டது. கூட்டத்தில் சிலர் கை தட்டவும் செய்தார்கள். மூங்கில் இன்றைக்கு மரம் ஏற வராததால் உரிமை அடுத்த உறவான வீரணனுக்குப் போகிறது என்று அறிவித்துவிட்டு மேசையைத் துடைத்தார்.

சடையாண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிறுவயதில் தகப்பன் முதுகில் தொற்றிக்கொண்டு ஏறிய மரம் அது. மூங்கிலுக்குச் சான்று, மச்சினனுக்கு மரம், தனக்கு வெட்கம், இதற்குத்தானா நாற்பத்தெட்டு நாள் அந்தக் குரங்கின் பின்னால் அலைந்தேன் என்று நெஞ்சு கொதித்தது. கொதித்ததே தவிர, வலிக்கவில்லை. அதை அவன் அப்போது கவனிக்கவில்லை.

வீரணன் எழுந்தான். மச்சான் கோவிச்சுக்காதீங்க என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு, உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு ஏறினான். மூன்று ஆள் உயரம் போனான். அங்கே நின்றான். காட்சியை ரசிக்கிறானோ என்று ஒருத்தர் கேட்டார். இல்லை, வாய் பிளந்திருந்தது, கால் வெலவெலத்தது, ஒரு கை நெஞ்சைப் பிடிக்க இன்னொரு கை மரத்திலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா “ஐயோ தம்பி!” என்று அலறினாள். ஏறி இறக்குவதற்குத் தகுதியுள்ளவர் யார் என்று பரஞ்சோதி பட்டியலைப் புரட்டினார். பட்டியலில் மூங்கில் மட்டும்தான் இருந்தது.

சடையாண்டி யோசிக்கவே இல்லை. ஒரே மூச்சில் மேலே போய், மச்சினனை முதுகில் போட்டுக்கொண்டு, நூற்று எண்பத்தாறும் தொண்ணூற்றெட்டுமாக இறங்கி வந்தான். கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் தனக்கு மூச்சு வாங்கவில்லை என்பது தெரிந்தது. தன் நெஞ்சில் தானே கை வைத்துப் பார்த்தான். அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தலைகால் புரியாத சந்தோஷம் வந்துவிட்டது அவனுக்கு. டாக்டரம்மா வீரணனின் நெஞ்சைத் தட்டி, ஆள்தான் ஒல்லி, நெஞ்சு சடையாண்டியின் பழைய நெஞ்சேதான் என்று சொல்லிக்கொண்டிருக்க, பரஞ்சோதி அனுமதியில்லாமல் ஏறியதற்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்க, சடையாண்டி இரண்டாம் தடவையும் ஏறிவிட்டான். இந்தத் தடவை உச்சி வரைக்கும். முதல் அடையை ஒடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சரசரவென்று இறங்கினான்.

முதல் அடை எடுத்தாகிவிட்டது, மரம் அவனுடையது. அதை ரத்து செய்ய ஒரே வழிதான் உண்டு என்றார் பரஞ்சோதி. நோட்டீஸை நேரில் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், வாங்காவிட்டால் நோட்டீஸ் செல்லாது. இதைச் சத்தமாகச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. சடையாண்டி ஓட ஆரம்பித்தான். உடும்பு காகிதத்தோடு பின்னால் ஓடினார், ஆறு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேச்சியம்மா பானையைத் தூக்கிக்கொண்டு புருஷன் போன பக்கம் ஓடினாள்.

அன்றிலிருந்து பரஞ்சோதி தினமும் நோட்டீஸோடு வருகிறார். சடையாண்டி தினமும் முக்கால் மணி நேரம் அவருக்கு முன்னால் ஓடுகிறான். இப்போதும் அவன் ஒன்றரைக் கரடிதான். மரமும் இப்போது வரைக்கும் அவனுடையதுதான்.

நீதி: ஒழுங்காக நடப்பது நெஞ்சுக்கு நல்லது, திருட்டுத்தனம் அதைவிட நல்லது, ஏனென்றால் அதில் ஓட வேண்டியிருக்கிறது.